கையால் வரைந்த கம்பளிப் பட்டுச் சால்வையைத் துவைக்கலாமா?

காஷ்மீர் போய்விட்டு வருகிறவர்கள் வாங்கி வரும் சால்வைகளில் ஒரு ரகம் உண்டு. கம்பளியும் பட்டும் கலந்த மெல்லிய துணி, அதன்மேல் கையால் வரைந்து வண்ணம் தீட்டிய கொடியும் பூவும், அந்தக் கோட்டை ஒட்டியே பொடிப்பொடியாக ஊசி வேலை. இதையும் கலம்காரி என்றுதான் சொல்லி விற்கிறார்கள். காளஹஸ்திக் கலம்காரி என்றால் பருத்தித் துணி, கடுக்காயும் படிகாரமும் போட்டுச் சாயத்தை இழைக்குள் பிடிக்க வைப்பார்கள். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பி இதையும் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள்.

நான் முக்கக்கூட இல்லை. அம்மாவின் சால்வையில் காபி சிந்தியது, பதறிப்போய் ஈரத் துணியால் தேய்த்தேன், அவ்வளவுதான். காபிக் கறை அப்படியே இருந்தது, பக்கத்திலிருந்த மாதுளம்பூவின் சிவப்பு கிளம்பி வந்து வெள்ளை மொட்டு இரண்டையும் ரோஸ் ஆக்கிவிட்டது. மேலே இருந்த பச்சை நூல் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி பளிச்சென்று இருந்தது. துணி, வண்ணம், நூல் மூன்றும் மூன்று விதம், அதில் எது நோஞ்சானோ அதற்குத் தகுந்த மாதிரிதான் மொத்தச் சால்வையையும் நடத்த வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

முதலில் நிஜமாகவே கம்பளியும் பட்டும்தானா என்று பாருங்கள். குஞ்சத்திலிருந்து ஒரு இழை, குறுக்கே ஓடும் ஊடையிலிருந்து ஒரு இழை உருவி, இடுக்கியில் பிடித்துத் தனித்தனியாகக் கொளுத்துங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து, ஆறிய மிச்சம் விரலில் பொடியானால் கம்பளியோ பட்டோதான். உருகி மணிபோல இறுகினால் அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர், காகிதம் எரிகிற வாசனை வந்தால் பெரும்பாலும் விஸ்கோஸ். அப்படி ஆகிவிட்டால், ஏமாந்தது ஏமாந்ததுதான், கம்பளி சுருங்குமே என்ற கவலை இல்லை, ஆனால் வண்ணச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து வண்ணச் சோதனை. பழைய வெள்ளை வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து, ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூவின்மேல் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள், தேய்க்க வேண்டாம். சிவப்பு, கறுப்பு, கருநீலம் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒன்று நிற்கும், இன்னொன்று காலை வாரிவிடும். நூலுக்கும் இதே சோதனைதான். வேட்டித் துண்டில் லேசாக நிறம் ஏறினாலும் வீட்டில் துவைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள், நிற்காது. டிரை கிளீனிங்குக்குக் கொடுத்தாலும் இது கையால் வரைந்தது என்று சொல்லி, ஓரத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தத் திரவத்திலும் சில வண்ணங்கள் கரையும்.

எல்லா நிறமும் நின்றால் மட்டும் தண்ணீர். அகலமான டப்பில் குளிர்ந்த தண்ணீர், பூந்திக்கொட்டை ஊறிய சாறு கொஞ்சம் அல்லது கம்பளிக்கென்று விற்கும் திரவம். சலவை சோடாவும் பிளீச்சும் பக்கத்திலேயே வரக்கூடாது. என்சைம் கலந்த பவுடர், முட்டை, ரத்தம் மாதிரிப் புரதக் கறைகளைச் செரிப்பதற்காகச் செய்தது, கம்பளியும் பட்டும் புரதமே என்பது அதற்குத் தெரியாது. இரண்டு மூன்று நிமிடம் உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விட்டு, அதே அளவு குளிர்ச்சியான தண்ணீரில் அலசினால் போதும். வெந்நீர் ஏன் கூடாது என்றால், கம்பளி இழையின்மேல் மீன் செதில் மாதிரி அடுக்குகள் இருக்கின்றன, ஈரத்தோடு சூடும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு சுருங்கும், அப்புறம் விரியாது. பட்டு அப்படிச் சுருங்காது, அதனால் துணி பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். முறுக்கிப் பிழியாமல், டவலில் வைத்துச் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். கொடியில் போட்டால் தண்ணீர்க் கனத்திலேயே இழுபடும்.

இஸ்திரி தேவைப்பட்டால் மடிப்பான டவலின்மேல் சால்வையைக் கவிழ்த்துப் போட்டு, மேலே மல் துணி வைத்து, பெட்டியைப் பட்டுக்கான சூட்டில் வையுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

உண்மையில் துவைப்பதைவிட பீரோவில் வைக்கும்போதுதான் அதிகச் சால்வைகள் போகின்றன. பறக்கிற அந்துப்பூச்சி எதையும் தின்பதில்லை, அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் தின்னும். வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடம் என்றால் அதற்கு விருந்து. அதனால் போட்டுக்கொண்டு வந்ததும் மடித்துத் திணிக்காமல், ஒரு நாள் நிழலில் காற்றாடவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் பூவேலை இல்லாத இடங்களைத் தட்டி, பழைய பருத்திப் புடவையில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு ஆகாது, உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். வசம்பும் வேப்பிலையும் வாசனையால் விரட்டலாமே தவிர, ஏற்கெனவே இட்ட முட்டையைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம். அந்துருண்டை துணியில் படக்கூடாது. பச்சைக் குழந்தைக்குப் போர்த்துகிற சால்வை என்றால் அது வேண்டவே வேண்டாம், அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் சில குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

ஓட்டை தெரிந்துவிட்டதா? சால்வையைக் காற்றை வெளியேற்றிய பையில் இறுக்கமாக மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஆசையாகப் பையைத் திறந்துவிடாமல் ஒரு முழு நாள் பொறுங்கள். திறந்தால் குளிர்ந்த துணிமேல் நீர் கோத்துக்கொள்ளும், இத்தனை நாள் தண்ணீர் படாமல் காப்பாற்றிய வண்ணம் அங்கே ஊறிவிடும்.

மோதிரமோ வளையலோ மாட்டிப் பூவேலை நூல் வெளியே வளைந்து நின்றால் கத்தரிக்க வேண்டாம். அந்த வளையத்தை மெல்லிய ஊசியின் காதில் கோத்து, பின்பக்கமாக மெல்ல இழுத்துவிட்டால் போதும்.