படப்பிடிப்பில் துப்பாக்கி: விபத்து நடந்தால் பொறுப்பு யாருக்கு, தவறு எங்கே நடக்கிறது

கீழக்குயில்குடி, நாகமலை அடிவாரம், மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரி, உசிலம்பட்டி ரோடு என்று மதுரையைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் கேமராவும் கையுமாக நாலு பிள்ளைகள் நிற்கிறார்கள். குறும்படம், வெப் சீரிஸ், முதல் பட முயற்சி. கதையில் அரிவாள் வந்தால் அட்டையிலோ தகரத்திலோ செய்துகொள்கிறார்கள். துப்பாக்கி என்றால் மட்டும் ஒரிஜினல் வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. மலையடிவாரத்தில் பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கி வைத்திருக்கும் ஏதோ ஒரு மாமாவின் ஞாபகமும் கூடவே வருகிறது.

அந்த மாமாவிடம் போய்க் கேட்பதுதான் முதல் தவறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். "குண்டே போடலை சார், சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னோம்" என்பது அங்கே எடுபடாது. இரவல் கொடுத்தவரும் மாட்டுவார், அவருடைய உரிமத்துக்கும் ஆபத்து. விளையாட்டுத் துப்பாக்கியில் குழலை மாற்றி நிஜமாகவே சுடும்படி செய்வதை 6-ஆம் பிரிவு தடுக்கிறது. பட்டறையில் கொடுத்து "கொஞ்சம் வெடிக்கிற மாதிரி பண்ணிக் கொடுங்கண்ணே" என்று கேட்பவர்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதே இல்லை.

அடுத்த தவறு, ஈயக் குண்டு இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று நம்புவது. பிளாங்க் தோட்டாவில் குண்டு கிடையாது, ஆனால் மருந்து உண்டு. வெடிக்கும்போது சூடான வாயுவும் அடைப்புத் துணுக்கும் குழல் வழியாகப் பாய்ந்து வரும். 1984-இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர், பிளாங்க் போட்ட துப்பாக்கியை விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டார். மண்டையோடு உடைந்து, சில நாளில் இறந்தார். 1993-இல் நடிகர் பிராண்டன் லீ இறந்தது வேறு விதம். பார்வைக்கு நிஜம்போல் இருக்க வேண்டும் என்று செய்த டம்மி தோட்டாவின் (குண்டு இருக்கும், மருந்து இருக்காது) குண்டு கழன்று குழலுக்குள் சிக்கியிருந்தது. யாரும் குழலைப் பார்க்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் பிளாங்க் போட்டுச் சுட்டபோது, சிக்கியிருந்த குண்டை அது நிஜத் தோட்டா போலவே வெளியே தள்ளிவிட்டது.

நல்ல டம்மி தோட்டாவுக்குள் சிறு உருண்டைகள் போட்டிருப்பார்கள். காதருகே வைத்துக் குலுக்கினால் கிலுகிலுவென்று சத்தம் கேட்கும். சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும், உள்ளே மருந்து இல்லை என்பது கண்ணுக்கே தெரியும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, குலுக்கி, திருப்பிப் பார்த்து, குழலில் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே போட வேண்டும். நடிப்பவரும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும் மாலையில் இதற்கு யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. விபத்துக்கு வழி அங்கேதான் திறக்கிறது.

பொறுப்பு யாருக்கு என்பதற்கு வருவோம். "கையில் கொடுத்தவன்தான் பொறுப்பு, நடிகனுக்கு என்ன தெரியும்" என்று ஒரு கட்சி. "சுட்டவன்தான் பொறுப்பு" என்று இன்னொரு கட்சி. இரண்டுமே அரைகுறை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2021 அக்டோபர் 21 அன்று 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் குண்டடிபட்டு இறந்தார், இயக்குநருக்குக் காயம். துப்பாக்கி நடிகர் அலெக் பால்ட்வின் கையில் இருந்தது. ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு 18 மாதச் சிறை. உதவி இயக்குநர் கவனக்குறைவுக் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை, அவருக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு. தயாரிப்பு நிறுவனத்துக்குத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் அபராதம். ஒரே குண்டு, ஆனால் கேள்வி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கப்பட்டது. பால்ட்வினைக் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னதாக இங்கே பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தோட்டா சம்பந்தமான ஆதாரத்தை அரசுத் தரப்பு எதிர்த்தரப்புக்குக் காட்டவில்லை என்பதால் 2024 ஜூலையில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். நடிகருக்குப் பொறுப்பு உண்டா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் வரும் முன்பே வழக்கு முடிந்துவிட்டது.

நம் ஊரில் இப்படி ஒரு சாவு நடந்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-ஆம் பிரிவு வரும். கவனக்குறைவால் மரணம், 5 ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் 2 ஆண்டுதான் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் கூடிவிட்டது. காயத்தோடு போனால் 125-ஆம் பிரிவு. தயாரிப்பாளர் என்பதற்காகவே ஒருவர் சிறைக்குப் போய்விட மாட்டார். அவருடைய செயலோ, செய்யத் தவறியதோ அந்தச் சாவுக்கு நேரடிக் காரணமாக இருந்திருக்க வேண்டும். குர்பான் உசேன் வழக்கில் 1964-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அவர் உரிமம் அனுமதிக்காத முறையில் பெயின்ட் தொழிற்சாலை நடத்தி, அங்கே தீவிபத்தில் தொழிலாளர்கள் இறந்தும், சாவுக்கு நேரடிக் காரணம் அவருடைய செயல் இல்லை என்று 304ஏ பிரிவிலிருந்து அவரை விடுவித்தது. ஆனால் தப்பித்துவிடலாம் என்று இதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் அருகே கார் சண்டைக்காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் இறந்தபோது இயக்குநர் மீதும் வழக்குப் பதிவானது. துப்பாக்கியைச் சரிபார்க்க ஆள் போடாமல் "டேக் போலாம்" என்று அவசரப்படுத்திய இயக்குநருக்கும், செலவு மிச்சம் என்று அந்த ஆளே வேண்டாம் என்ற மேனேஜருக்கும் பதில் சொல்வது சிரமம்தான்.

விபத்துக்குப் பிறகு நடக்கும் தவறுகள் இதைவிட மோசம். துப்பாக்கியை மாற்றி வைப்பது, "லைட் ஸ்டாண்ட் விழுந்துருச்சு" என்று எல்லோரும் ஒரே கதை சொல்வது. ஆதாரத்தை மறைத்தால் அதே சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவில் தனி வழக்கு. கவனக்குறைவு மட்டும் இருந்த இடத்தில் வேண்டுமென்றே செய்த குற்றமும் சேர்ந்துவிடும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கினால் போவது உயிர். போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காமல் அவசர சிகிச்சை தர வேண்டும் என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். துப்பாக்கி கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

அப்புறம் நம் பக்கத்துக்கே உரிய ஒன்று, பேசி முடித்துவிடலாம் என்பது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, குடும்பத்துக்கு ஒரு தொகை பேசி, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தத் தொகை குடும்பத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் 106 சமரசத்துக்கு உட்பட்ட குற்றம் அல்ல. குடும்பம் "எங்களுக்குப் புகார் இல்லை" என்று எழுதிக் கொடுத்தாலும் போலீஸ் வழக்கு தானாக முடியாது. ரத்து செய்யக் கேட்டு ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் முடிவு நீதிபதியின் கையில். நடிக்க வருபவர்களிடம் "என் உயிருக்கு நானே பொறுப்பு" என்று முன்கூட்டி எழுதி வாங்கும் தாளுக்கும் இதே கதிதான். கவனக்குறைவை மன்னிக்கும் அதிகாரம் அந்தக் கையெழுத்துக்கு இல்லை.

நிஜ ஆயுதமே வேண்டாம் என்பது என் முடிவு. ரப்பர் துப்பாக்கியைப் பிடித்து நடிக்கட்டும். நெருப்பையும் சத்தத்தையும் எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம், இன்று கல்லூரிப் பையன்கள் லேப்டாப்பிலேயே அதைச் செய்கிறார்கள்.

இழப்பீட்டுக்கும் ஒரு வார்த்தை. வேலையின்போது நேர்ந்த விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதலே நம் சட்டத்தில் இருந்துவரும் விதி. யாருடைய கவனக்குறைவு என்று குடும்பம் நிரூபிக்க வேண்டியதுகூட இல்லை. சம்பளம் வாங்காமல் நட்புக்காக வந்தவருக்கு இது பொருந்துவது கடினம், அவருடைய குடும்பம் 1855-ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி சிவில் கோர்ட்டில் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியிருக்கும். அதனால் லைட்மேன், ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் என்று தினக்கூலிக்கு வருகிற ஒவ்வொருவர் பெயரையும், வேலையையும், அன்றைய சம்பளத்தையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். நோட்டை போட்டோ எடுத்து அவர்கள் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.