ட்ரவுட் முட்டையிடும் ஆற்றில் தூண்டில் போடுவது எப்படி

மீன்பிடி விதிப் புத்தகம் கைக்கு வந்ததும் பலரும் முதலில் புரட்டுவது ஒரு நாளைக்கு எத்தனை மீன் எடுக்கலாம் என்ற பக்கத்தைத்தான். நான் முதலில் பார்ப்பது தடைக்காலத் தேதிகளை. அதிலும் தடை என்று தொடங்குகிறது என்பதைவிட என்று முடிகிறது என்பதைக் கவனிப்பேன்.

குளிர்ந்த நீரில் வாழும் ட்ரவுட் மீனில் பல இனங்கள் உண்டு, எல்லாமே ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை. ஐரோப்பாவைச் சேர்ந்த பிரவுன் ட்ரவுட், வட அமெரிக்காவின் கிழக்கே உள்ள புரூக் ட்ரவுட், மேற்கே உள்ள புல் ட்ரவுட் ஆகியவை இலையுதிர் காலத்தில் இடும். ரெயின்போ ட்ரவுட்டும் கட்த்ரோட் ட்ரவுட்டும் வசந்தத்தில். ஆகவே உங்கள் ஆற்றுக்கே உரிய மீன் எது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஆற்றில் இரண்டும் இருக்கலாம், விதி வேறு வேறாக இருக்கலாம்.

முடிவுத் தேதிக்கு வருகிறேன். பிரவுன் ட்ரவுட்டின் முட்டை 5 டிகிரி செல்சியஸ் நீரில் பொரிக்க ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். பொரித்த குஞ்சும் உடனே வெளியே நீந்தி வராது. மஞ்சள்கருப் பையை வயிற்றில் சுமந்துகொண்டு சரளைக் கற்களுக்கு அடியிலேயே இன்னும் சில வாரம் கிடக்கும். தாய் மீன் எப்போதோ போயிருக்கும். மேலே பார்த்தால் ஆறு வெறுமையாக இருக்கும். கற்களுக்கு அடியில் அடுத்த தலைமுறை முழுவதும் இருக்கும். ‘மீன்தான் போய்விட்டதே, இறங்கினால் என்ன?’ என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

முட்டைக்குழியை அடையாளம் காணப் பழகுங்கள். நான் கொடுக்கும் யோசனைகளில் இதை மட்டும் எடுத்துக்கொண்டால்கூடப் போதும். மடு முடிந்து நீர் மேலெழுந்து சலசலவென்று ஓடத் தொடங்கும் இடத்தில் தேடுங்கள். பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்து அடித்துப் பள்ளம் பறிக்கும். அதில் முட்டையிட்டதும் சற்று மேலே போய் மறுபடி தோண்டும். அந்தக் கற்கள் சரிந்து வந்து முட்டைகளை மூடும். சுற்றியுள்ள கல்லெல்லாம் பாசி படிந்து கறுத்திருக்க, அந்த இடம் மட்டும் தேய்த்து விளக்கிய பாத்திரம் போல் வெளுத்துத் தெரியும். ஓரடி அகலம் இருக்கலாம், பெரிய மீன் தோண்டியது என்றால் ஆறடி நீளம்கூட இருக்கலாம். பலர் பள்ளத்தை விட்டு ஒதுங்கி, அதற்குக் கீழே உள்ள மேட்டில் காலை வைக்கிறார்கள். முட்டை இருப்பது அந்த மேட்டில்தான். சில வாரம் போனால் கல்லில் மறுபடி பாசி ஏறிவிடும், வெளுப்பை நம்ப முடியாது. அப்போது பள்ளமும் மேடுமான அந்த உருவத்தைத்தான் தேட வேண்டும். நீரின் பளபளப்பைக் குறைத்துக் காட்டும் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு, வெயிலை முதுகுப்பக்கம் வைத்து, கரையிலிருந்தே பாருங்கள்.

மிதித்தால் என்ன ஆகும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், முட்டை வளரும் காலம் முழுக்க நாளுக்கு இரண்டு முறை மிதித்தபோது முட்டையும் குஞ்சுமாக 96 சதவீதம் வரை செத்தன. பொரிப்பதற்குச் சற்று முன் ஒரே ஒரு முறை மிதித்ததிலேயே 43 சதவீதம் வரை போயின. ஆகவே அந்த மாதங்களில் கரையில் நின்றே வீசுங்கள். ஆற்றைக் கடந்துதான் ஆக வேண்டும் என்றால் பெரிய பாறையோ சேறோ உள்ள இடமாகப் பார்த்துக் கடக்கலாம். முழங்கால் ஆழத்துச் சரளையில் மட்டும் வேண்டாம். கூட வரும் நாயையும் இறக்காதீர்கள்.

குழியின் மேல் நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடாதீர்கள். விதி அனுமதித்தாலும் வேண்டாம். அது இரை தேடி நிற்கவில்லை, இடத்தைக் காத்து நிற்கிறது. வாயருகே வந்ததை விரட்டத்தான் கடிக்கும். உடம்பில் மிஞ்சியிருக்கும் வலுவெல்லாம் முட்டைக்காக என்றிருக்கும் நேரத்தில் அதை இழுத்துக் களைக்கச் செய்வது பாவம்.

கருவி பற்றிய விதிகள் சுலபமானவை. ஒற்றை முள் என்றால் ஒற்றை முள், மும்முள் கூடாது. முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நிற்கும் சின்னக் கொக்கியைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டால் கழற்றும்போது வாய் கிழியாது. உயிர் இரைக்குத் தடை போடுவதற்கும் காரணம் உண்டு: இரையை மீன் விழுங்கிவிடும், முள் தொண்டையிலோ செவுளிலோ மாட்டும், திரும்ப விட்டும் பயனிருக்காது.

மாட்டிய மீனை நீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். வயிற்றைப் பிடித்து அமுக்க வேண்டாம். களைத்துப்போன ரெயின்போ ட்ரவுட்டை 60 விநாடி காற்றில் வைத்துப் பார்த்த சோதனையில் 72 சதவீதம் செத்திருக்கின்றன. படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு பிறகு மீனைத் தூக்குங்கள்.

எந்த மீன் என்று சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். புல் ட்ரவுட்டையும் புரூக் ட்ரவுட்டையும் பிரித்தறிய முதுகுத் துடுப்பைப் பாருங்கள். புரூக் ட்ரவுட்டுக்கு அதில் கறுப்புக் கோடுகளோ திட்டுகளோ இருக்கும், புல் ட்ரவுட்டுக்குக் கறுப்பே இருக்காது. அமெரிக்காவில் 1999 முதல் புல் ட்ரவுட் அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இந்த ஒரு துடுப்பைப் பார்க்கத் தவறியதால் அது கூடைக்குள் போய்விடக் கூடாது.

ஆறு திறந்திருந்தாலும் கிளையோடைகள் மூடப்பட்டிருக்கலாம். ஓடை ஆற்றில் கலக்கும் வாய்க்கும் தனி எல்லை இருக்கலாம். மேலேறும் மீன்கள் மழைக்காகக் கூட்டமாகக் காத்து நிற்பது அங்கேதான். எல்லைப் பலகை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே நடந்து பார்த்துவிடுங்கள்.

தடை இல்லாத பகுதியில் முட்டைக்குழி கண்ணில் பட்டால் கரையிலிருந்தே படம் எடுத்து, தேதியும் இடமும் குறித்து, அந்த ஆற்றுக்குப் பொறுப்பான மீன்வளத் துறைக்குத் தெரியப்படுத்துங்கள். ஆண்டுதோறும் குழிகளை எண்ணித்தான் பல இடங்களில் முட்டையிட வந்த மீன்களின் தொகையைக் கணிக்கிறார்கள். அளவு தெரிவதற்காகத் தூண்டில் கழியைக் கரையோரம் கிடத்திப் படம் எடுத்தால் அவர்களுக்கு இன்னும் உதவியாக இருக்கும்.