ஊசிக் குத்துக் காயங்கள் குறைந்த விதம்

காரைக்குடிக்கு அருகே, பழைய நகரத்தார் வீடொன்றில் இயங்கும் சிறு மருத்துவமனையில் செவிலியர் மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன். இங்கு பணியாளர்கள் ஊசி குத்திக் காயமடைவது அடிக்கடி நிகழ்ந்தது. கவனக்குறைவே காரணம் என்று பலரும் பேசினார்கள். எனக்கோ, வீட்டின் அமைப்பே காரணம் என்று பட்டது. நோயாளிகள் வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றிய அறைகளில் படுத்திருக்க, பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டியோ அதற்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டுப் பகுதியில் இருந்தது. அவ்வளவு தொலைவு திறந்த ஊசியை ஏந்திச் செல்ல அஞ்சிய செவிலியர்கள், மூடியைத் திரும்பப் பொருத்த முயன்றபோதுதான் விரலில் குத்திக்கொண்டார்கள்.

ஆகவே, 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் குறிப்பிடும், ஊசி துளைக்காத வெள்ளைப் பெட்டியை ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் பொருத்தச் செய்தேன். முக்கால் பங்கு நிறைந்ததும் அதை மாற்றிவிடுகிறோம். செலவைச் சொல்லி நிர்வாகம் சற்று முணுமுணுத்தது. மூடி பொருத்தும் வழக்கம் அறிவுரை இன்றியே குறைந்தது.

குத்திவிட்டால், காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே தெரிவிக்க வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால், அதை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. துப்புரவுப் பணியாளர்களுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கி, ஒரு மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் அடுத்த தவணைகளைப் போடச் செய்தோம்.