வெண்ணெயை அச்சில் ஊற்றாதீர்கள், அழுத்துங்கள்

ரோஜாப்பூ அச்சு வாங்கிய அன்று நான் செய்த முதல் வேலை, வெண்ணெயை உருக்கியதுதான். உருக்கி ஊற்றினால் இதழ் இடுக்கெல்லாம் தானாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் கவிழ்த்தால், பூவின் முகம் முழுக்க வெள்ளையாக, நீர் கோத்த ஒரு படிவு. பின்பக்கம் மட்டும் நெய் மாதிரி மஞ்சள். வெண்ணெயில் சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு; மீதியில் பெரும்பகுதி தண்ணீர். உருக்கினால் இரண்டும் பிரிந்துவிடும், அப்புறம் குளிரவைத்தாலும் பழையபடி சேராது.

ஆகவே பதம்தான் எல்லாம். கட்டியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி வெளியே வையுங்கள். விரலால் தொட்டால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. வெண்ணெயின் சூடு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சரி. மைக்ரோவேவில் வைத்து அவசரப்படுத்தினால் ஒரு பக்கம் உருகி, மறுபக்கம் கல்லாக நிற்கும். பதம் வந்ததும் கரண்டியால் குழையுங்கள். மிக்சர் வேண்டாம், அது காற்றை ஏற்றிப் பூவின் முகத்தில் அம்மைத் தழும்பு போட்டுவிடும்.

சிலிக்கோன் அச்சை ஈரமில்லாமல் துடைத்து, நிரப்புவதற்கு முன்பே ஒரு தட்டின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பிய பிறகு தூக்கினால் வளைந்து எல்லாம் கோணலாகும். முதலில் கொஞ்சம் வெண்ணெய் எடுத்து, சின்ன ஸ்பூனின் முதுகால் கோடுகளுக்குள் தேய்த்து அழுத்துங்கள். இந்த முதல் பூச்சில்தான் பொறுமை வேண்டும். மீதியைப் போட்டு நிரப்பி, தட்டை மேசையில் நாலைந்து முறை தட்டி, மேலே கத்தியால் வழித்துவிடுங்கள். ஃப்ரீசரில் ஒரு மணி நேரம். எடுத்ததும் ஓரங்களை இழுத்துத் தளர்த்தி, அடியிலிருந்து உந்தினால் வந்துவிடும். கைச்சூடே வெண்ணெயை இளக்கும் என்பதால், பூவை முள்கரண்டியால் நகர்த்துகிறேன்.

மர அச்சுக்கு வழி வேறு. ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, உதறிவிட்டு, ஈரத்தோடேயே வெண்ணெயை அழுத்த வேண்டும். தண்ணீர் குடித்த மரத்தில் கொழுப்பு ஒட்டாது. ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை, கோடுகள் மழுங்கிவிடுகின்றன. கழுவும்போது வெந்நீரும் மென்மையான பிரஷும் போதும், சோப்பு நீரில் ஊறப்போட்டால் வாசனை மரத்திலேயே தங்கிவிடும். நிழலில் காயட்டும், வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

அச்சு வாங்குவதாக இருந்தால் ஆழம் குறைவாக, கோடு தடிமனாக இருப்பதைப் பாருங்கள். இலை, சிப்பி, பூ எல்லாம் நன்றாக வரும். மெல்லிய காம்பு, கொக்கின் அலகு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை உடையும். என்னிடம் ஓர் அணில் அச்சு இருக்கிறது. இதுவரை வாலோடு ஒன்றுகூட வெளியே வந்ததில்லை.

வந்தவற்றை மூடியுள்ள டப்பாவில், ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். திறந்து வைத்தால் பக்கத்தில் இருக்கும் வெங்காய வாசனையை வெண்ணெய் இழுத்துக்கொள்ளும். பரிமாறப் பத்து நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் போதும். உடைந்தவற்றை மறுபடி குழைத்து அச்சில் போடலாம். அணில் வால்களை மட்டும் நான் அப்படியே ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிடுகிறேன்.