கார் ரிப்பேர் எஸ்டிமேட் நியாயமானதா? புதிதாக வந்தவர்களுக்குச் சில விளக்கங்கள்

புதிய நாட்டில் நாம் வாங்கும் முதல் கார் பெரும்பாலும் பழைய காராகத்தான் இருக்கும். சில மாதங்களில் டேஷ்போர்டில் ஏதாவது ஒரு விளக்கு எரியும், இல்லையென்றால் பிரேக் கிரீச்சிடும். கேரேஜுக்குப் போனால் எஸ்டிமேட், அதாவது உத்தேசச் செலவுக் கணக்கு, என்று ஒரு தாளை நீட்டுவார்கள், அடியில் பெரிய தொகை இருக்கும். அது சரியா தப்பா என்று தெரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்கள் நம்மில் நிறையப் பேர். தினமும் வேலைக்குப் போக அந்தக் கார்தான் கதி என்றால் கேட்கவே வேண்டாம். முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். எஸ்டிமேட்டைப் பற்றிக் கேள்வி கேட்பதை நல்ல மெக்கானிக் யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மொத்தத் தொகையை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. என்ன பழுது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், எந்தப் பாகத்தை மாற்றுகிறார்கள், அது யார் தயாரிப்பு, எத்தனை மணி நேர வேலை, மணிக்கு எவ்வளவு கூலி: இவ்வளவும் தாளில் தனித்தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் காரை விடாதீர்கள்.

கூலியைப் பார்த்துத்தான் பலர் திகைத்துப் போகிறார்கள். கூலி அதிகமான நாடுகளில் பாகத்தின் விலையை லேபர் எளிதாகத் தாண்டிவிடும். அதனால்தான் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையோ இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரையோ பிரித்து உள்ளே பழுதுபார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை, முழுசாக மாற்றிவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்கும் நேரத்துக்கான கூலியில் மாற்றுப் பாகமே வந்துவிடும் என்பதால் இதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். மணிக்கணக்கும் மெக்கானிக் தன் இஷ்டத்துக்குப் போடுவதல்ல. இந்த மாடலில் இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று தரப்படுத்திய பட்டியல்கள் உண்டு, பல கேரேஜ்கள் அதை வைத்தே பில் போடுகின்றன. பட்டியலில் இரண்டு மணி நேரம் என்றால், கை வேகமானவர் ஒன்றரை மணியில் முடித்தாலும் இரண்டு மணிக்குத்தான் பில். மூன்று மணி ஆனாலும் அதே இரண்டுதான்.

கவனிக்க வேண்டியது, ஒரே பிரித்தலுக்கு இரண்டு முறை கூலி போட்டிருக்கிறார்களா என்பதை. டைமிங் பெல்ட் (இன்ஜினின் வால்வுகளை இயக்கும் பட்டை) உள்ள பல இன்ஜின்களில், இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டுக்குப் பின்னால்தான் இருக்கும். பெல்ட்டை மாற்றும்போதே பம்பையும் மாற்றச் சொன்னால் அது நல்ல யோசனைதான், எப்படியும் எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டதே. ஆனால் எஸ்டிமேட்டில் பெல்ட்டுக்கு முழுக் கூலி, பம்புக்கும் முழுக் கூலி என்று இருந்தால் அந்த இடத்தில் விரலை வைத்துக் கேளுங்கள். பிரேக் பேடும், அது அழுத்திப் பிடிக்கும் டிஸ்க்கும் அப்படித்தான். சக்கரத்தை ஒரு தடவைதானே கழற்றுகிறார்கள்?

இனி, பழுதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு வருவோம். என் கணிப்பில் கூலியிலோ பாகத்தின் விலையிலோ போவதைவிட, தப்பான பாகத்தை மாற்றுவதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. டேஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் எரிந்தால், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி ஒரு பழுதுக் குறியீட்டை எடுப்பார்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும் இதற்கான பொதுவான செருகுமுனை கட்டாயம். ஒரு சிறிய ஸ்கேனர் வாங்கினால் போனிலேயே நீங்களும் பார்க்கலாம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: குறியீடு சந்தேகத்தைத்தான் சொல்கிறது, தீர்ப்பை அல்ல. பி0420 என்றால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று அர்த்தம். கன்வெர்ட்டர் விலை உயர்ந்த பாகம். ஆனால் எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு கசிவோ, கெட்டுப்போன ஆக்சிஜன் சென்சாரோ இருந்தாலும் இதே குறியீடு வரலாம். அவற்றைச் சோதித்தார்களா என்று கேட்காமல் கன்வெர்ட்டருக்குச் சம்மதிக்க வேண்டாம்.

பி0301 இன்னொரு உதாரணம். இன்ஜினின் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். காரணம் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலாக இருக்கலாம், தீப்பொறியை உண்டாக்கும் ஸ்பார்க் பிளக்காக இருக்கலாம், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டராகவும் இருக்கலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள காரில் நல்ல மெக்கானிக் முதலில் ஒரு காரியம் செய்வார்: முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, அதனுடையதை இங்கே போட்டு, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார். இப்போது பி0302 வந்தால் பழுது காயிலோடு இடம் மாறிவிட்டது, ஒரு காயிலை மாற்றினால் போதும். மறுபடியும் பி0301 என்றே வந்தால் காயில் மேல் குற்றம் இல்லை. பல கார்களில் சில நிமிடங்களில் முடிகிற வேலை இது. இதைச் செய்யாமலே நான்கு காயிலும் நான்கு பிளக்கும் என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிளக்குகளின் காலம் முடிந்துவிட்டது என்பது நியாயமான பதில், ஆனால் அந்தப் பதில் அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

சோதனைக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுங்கள். சரியாகக் கண்டுபிடிப்பதும் ஒரு வேலைதான். அங்கேயே ரிப்பேர் செய்தால் அதைக் கழிப்பார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரேக் விஷயத்தில் “தேய்ந்துவிட்டது” என்ற சொல்லை ஏற்காதீர்கள், எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். புதிய பேட் பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். 6 இருக்கும்போதே மாற்றச் சொன்னால் அவசரமில்லை. டிஸ்க்கை மாற்ற வேண்டும் என்றால், அது எதுவரை தேயலாம் என்ற அளவு பெரும்பாலும் டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அளந்து காட்டச் சொல்லுங்கள். பேட்டரிக்கும் எண் உண்டு. இன்ஜின் அணைந்து சில மணி நேரம் நின்ற காரில் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், இன்ஜின் ஓடும்போது பொதுவாக 14க்கு அருகே போகும். ஓடும்போதும் 12ஐத் தாண்டாமல் இறங்கிக்கொண்டே வந்தால் சார்ஜ் ஏறவில்லை, புதிய பேட்டரி போட்டாலும் அடுத்த வாரம் அதே கதைதான்.

பாகங்களில் காரைத் தயாரித்தவரின் பெட்டியில் வருவது, அந்தத் தயாரிப்பாளருக்கே செய்து கொடுக்கும் நிறுவனம் தன் பெயரில் விற்பது, மலிவான மாற்று என்று தரங்கள் உண்டு. டொயோட்டாவுக்குப் பாகங்கள் செய்யும் டென்சோ, ஐசின் போன்றவை இரண்டாம் வகை, பழைய காருக்கு நான் இதைத்தான் சொல்வேன். எஸ்டிமேட்டில் உள்ள பாக எண்ணைக் கொண்டு விலையைத் தேடிப் பாருங்கள். கேரேஜ் கொஞ்சம் கூட்டி விற்பது வழக்கம், உத்தரவாதம் அவர்கள் தலையில் அல்லவா இருக்கிறது. இரண்டு மூன்று மடங்கு என்றால் பேச வேண்டும்.

இன்ஜின் ஃப்ளஷ் (இன்ஜினின் உட்புறத்தைக் கழுவுவது), இன்ஜெக்டர் கிளீனிங் மாதிரியான உபரி சேவைகளுக்குக் காரின் கையேட்டைப் பாருங்கள், அதில் இல்லாததற்கு வேண்டாம் என்று சொல்லலாம். அதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடவும் கூடாது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், பல தயாரிப்பாளர்கள் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

பயமுறுத்தினால் பதறாதீர்கள். ஆனால் பிரேக், ஸ்டீயரிங், டயர், சிவப்பு ஆயில் விளக்கு, ஏறும் வெப்பமானி, விட்டுவிட்டு மின்னும் செக் இன்ஜின் லைட் ஆகியவற்றில் தள்ளிப்போடக் கூடாது. மற்றவற்றில் “எது இன்றைக்கு, எது மூன்று மாதம் பொறுக்கும், எதைக் கவனித்தால் போதும்?” என்று பிரித்துக் கேளுங்கள்.

வேறு கேரேஜில் காட்டும்போது முதல் எஸ்டிமேட்டை நீட்டாதீர்கள். “ஆல்டர்னேட்டர் மாற்ற எவ்வளவு?” என்று கேட்டால் விலை மட்டும்தான் கிடைக்கும். “காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை” என்று சொன்னால் அவர்களே தேடுவார்கள், இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் நம்பலாம். ரொம்பக் குறைவான தொகையையும் சந்தேகியுங்கள்: வரி சேர்ந்திருக்கிறதா, பாகம் புதியதா, உத்தரவாதம் எத்தனை மாதம்?

நம்மவர் நடத்துகிற இடம், பில் இல்லாமல் பணமாகக் கொடுத்தால் குறையும் என்று யாராவது சொல்வார்கள். நல்ல வேலைக்காரர்களாகவும் இருக்கலாம். ஆனால் பில் இல்லையென்றால் ஒரு மாதத்தில் அதே பழுது வந்தால் கேட்க வழியில்லை, காரை விற்கும்போது காட்டச் சர்வீஸ் வரலாறும் இல்லை. தெரிந்தவராக இருந்தாலும் பில் வாங்குங்கள்.

காரை விடும்போது, எஸ்டிமேட்டைத் தாண்டினால் முதலில் போன் செய்ய வேண்டும் என்றும், கழற்றிய பழைய பாகங்களைப் பார்க்க வேண்டும் என்றும் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் கழிக்கும் வைப்புத் தொகை சில பாகங்களுக்கு உண்டு, அது பில்லில் கழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முடிந்தால், கார் நடுவழியில் நிற்பதற்கு முன்பே ஆயில் மாற்றம் போன்ற ஒரு சின்ன வேலைக்காக அக்கம்பக்கத்தில் இரண்டு கேரேஜ்களுக்குப் போய்ப் பாருங்கள். காரைத் தூக்கி நிறுத்தி, உங்களை அடியில் கூப்பிட்டு விளக்கடித்துக் காட்டி, “இது இன்னும் ஒரு வருடம் தாங்கும்” என்று சொல்பவர் கிடைத்தால் அவரிடமே தொடருங்கள்.