எஸ்எஸ்எல் ஆன் செய்தால் மட்டும் போதாது: போஸ்ட்கிரெஸ் போர்ட்டைப் பூட்டும் முறை

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், இணைப்பைக் குறியாக்கும் எஸ்எஸ்எல்லை ஆன் செய்துவிட்டு மூன்று வாரம் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் சும்மா, நெட்வொர்க்கில் ஓடுவதைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டிப் பார்த்தால், போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டில் என் செலக்ட் வரிகள் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகள்) குறியாக்கமே இல்லாமல் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன.

முதலில் போர்ட். கான்ஃபிக் கோப்பில் லிசன் அட்ரஸஸ் (எந்த ஐபிகளில் இணைப்பை ஏற்பது) இடத்தில், எல்லா ஐபியையும் குறிக்கும் நட்சத்திரக் குறி இருந்தால் எடுத்துவிட்டு, சர்வரின் உள் ஐபியை மட்டும் கொடுங்கள். இதற்கு ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். ஃபயர்வாலில் ஆப் சர்வரின் ஐபிக்கு மட்டும் வழி விடுங்கள். எனக்கு லினக்ஸின் எளிய ஃபயர்வால் கருவியான யூஎஃப்டபிள்யூ போதும். போர்ட் எண்ணை மாற்றி ஒளித்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்கேனர் தேடிப் பிடித்துவிடும்.

அடுத்து எஸ்எஸ்எல்லுக்கான சான்றிதழும் சாவிக் கோப்பும். சாவி போஸ்ட்கிரெஸ் பயனரின் பெயரில், 0600 அனுமதியோடு (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) இருக்க வேண்டும். மற்றவர்களும் படிக்கலாம் என்று விட்டால் சர்வர் எழவே எழாது.

நான் சறுக்கியது, யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் ஹெச்பிஏ கோப்பில். குறியாக்கிய இணைப்பை மட்டும் ஏற்கும் 'ஹோஸ்ட்எஸ்எஸ்எல்' வரியை மேலே சேர்த்தேன், பழைய 'ஹோஸ்ட்' வரியைக் கீழே அப்படியே விட்டேன். முதலில் பொருந்தும் வரிதானே செல்லும், அப்புறம் என்ன என்று நினைத்தேன். குறியாக்கம் இல்லாமல் வரும் இணைப்புக்கு மேல்வரி பொருந்தவே பொருந்தாது. அதைத் தாண்டிக் கீழே வந்து, இரண்டையும் ஏற்கும் 'ஹோஸ்ட்' வரியில் நுழைந்துவிடும். என் ஆப்பின் இணைப்பு வரியிலோ, எப்போதோ சோதனைக்காகப் போட்ட, எஸ்எஸ்எல்லை அணைக்கும் 'டிசேபிள்' அப்படியே கிடந்தது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கான 'ஹோஸ்ட்' வரிகளை நீக்கி ரீலோட் செய்தேன். ஆப் உடனே பிழை காட்டியது. அதுதான் நமக்கு வேண்டியது.

க்ளையன்ட் பக்கம், அதாவது ஆப்பின் இணைப்பு வரியில், எஸ்எஸ்எல்மோடை 'வெரிஃபை-ஃபுல்' ஆக்கி, சர்வர் சான்றிதழுக்குக் கையொப்பமிட்ட ரூட் சான்றிதழின் பாதையையும் கொடுங்கள். 'ரிக்வயர்' குறியாக்கம் செய்யும், ஆனால் எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்று பெயரைச் சரிபார்க்காது. ஐபி கொடுத்து இணைப்பவர்கள் சான்றிதழிலும் அந்த ஐபியைச் சேர்த்திருக்க வேண்டும்.

கடைசியாக, எந்த இணைப்பில் எஸ்எஸ்எல் இருக்கிறது என்று காட்டும் பிஜி-ஸ்டாட்-எஸ்எஸ்எல் காட்சியைப் பாருங்கள். ஆப்பின் இணைப்புகள் எல்லாவற்றுக்கும் எதிரே 'டி' (ட்ரூ, அதாவது எஸ்எஸ்எல் உண்டு) இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: போஸ்ட்கிரெஸை டாக்கரில் (மென்பொருளைத் தனிக் கன்டெய்னரில் ஓட்டும் கருவி) ஓட்டும் ஒருவருக்கு ஃபயர்வால் விதி வேலை செய்யவில்லை. டாக்கர் வெளியிடும் போர்ட்கள் யூஎஃப்டபிள்யூவைச் சுற்றிக்கொண்டு போய்விடும். போர்ட்டை வெளியிடும்போதே உள் ஐபியோடு சேர்த்து எழுதுங்கள். சான்றிதழைப் புதுப்பித்த பிறகு ஒரு ரீலோட் கொடுக்கவும் மறக்க வேண்டாம். அதுவரை பழையதுதான் ஓடும்.