ஏரிக்கீழ் நெல்லுக்கு ஜீவாமிர்தம்

பெங்களூரு அருகே ஆனேக்கல் பக்கம் ஏரிக்கீழ் வயலில் நெல் நட்டிருக்கிறீர்களா? சாணம், கோமியத்தைப் புளிக்க வைத்துச் செய்யும் உரக் கரைசலான ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். நாட்டு மாட்டுச் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, கடலை மாவு 2 கிலோ, மரத்தடி மண் ஒரு பிடி. மீதிக்குத் தண்ணீர்.

மாவை நேராகக் கொட்டினால் கட்டி கட்டும். வாளியில் கரைத்து ஊற்றுங்கள். மண்டியா வெல்லத்தில் கறுத்ததாகப் பார்த்து வாங்குங்கள், வெளுத்தது வேண்டாம். காவிரிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நுண்ணுயிரைக் கொல்லும். ஒரு நாள் திறந்து வைத்த பிறகே சேருங்கள்.

டிரம்மை நிழலில் வைத்து, கோணிச் சாக்கால் மூடுங்கள். இறுக்கமான மூடி போட்டால் காற்றில்லாமல் அழுகும். காலை மாலை கலக்கினால் 48 மணி நேரத்தில் நுரை கட்டிப் புளித்த வாசம் வரும். மார்கழிக் குளிரில் நான்கு நாள்கூட ஆகலாம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் வயலுக்கு விடாதீர்கள். ஏழு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

நட்ட 15ஆம் நாள் தொடங்கி, 15 நாளுக்கு ஒரு முறை. வயலில் ஒரு அங்குலத் தண்ணீர் நிற்கட்டும். தண்ணீர் வெளியேறும் வடிமடையை அடைத்துவிட்டு, தண்ணீர் உள்ளே வரும் வாய்மடையில் கரைசலைச் சன்னமாக ஒழுக விடுங்கள். அடைக்க மறந்தால் அத்தனையும் பக்கத்து வயலுக்குத்தான்!

ஏரியில் சாக்கடை கலக்கிறதா? அந்தத் தண்ணீரிலேயே தழைச்சத்து அதிகம். பயிர் கரும்பச்சையாக இருந்தால் ஜீவாமிர்தத்தை நிறுத்திவிடுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் குலைநோய் என்ற பூஞ்சை நோய் வரும், கதிரும் சாயும்.